214 வரிகளும் ஒரு லோடு மாங்காயும்

வாசகர் கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் நாலு பேர் சேர்ந்து சின்னதாக ஒரு சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். இதுவரை ஜவுளிக்கடை பில்லிங், பள்ளிக்கூடக் கட்டணம் மாதிரி வேலைகள்தான் செய்திருக்கிறோம். இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலைக்கு முழு சாப்ட்வேரும் செய்து தரும் வேலை வந்திருக்கிறது. முதலாளி, எடைமேடைக்காரர், கணக்காளர், லேப் மேடம், ஸ்டோர் சூப்பர்வைசர் என்று ஒருவர் விடாமல் கேட்டு எக்செலில் 214 வரி எழுதிவிட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த 41 வாய்ஸ் மெசேஜ் தனி. ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது. 37ஆம் வரி ‘எடை பதிவானபின் யாரும் மாற்றக் கூடாது’ என்கிறது. 122ஆம் வரி ‘எடையைத் திருத்த வசதி வேண்டும்’ என்கிறது. எது முக்கியம் என்று முதலாளியைக் கேட்டால், ‘எல்லாமே முக்கியம்தான், மே மாசம் காய் வந்துடும்’ என்கிறார். இணையத்தில் கிடைத்த டெம்ப்ளேட்டில் நிரப்பினேன். 60 பக்கம் வந்தது, ஒருவரும் படிக்கவில்லை. ஏஐயிடம் கொடுத்தேன், 11 தலைப்பில் அழகாகப் பிரித்துக் கொடுத்தது. ஆனாலும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எக்செலை இணைத்திருக்கிறேன். இதை எப்படி ஒழுங்கு பண்ணுவது? எந்த டூல் வாங்குவது? இந்த வேலைக்குத் தனியாகக் காசு கேட்கலாமா?

— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்:

தம்பி, டூல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒன்றும் வாங்காதீர்கள். நாலு பேர் கம்பெனிக்கும் ஒரே ஒரு ஆலைக்கும் எக்செல் போதும். கூடவே பத்து சார்ட் பேப்பரும் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த 60 பக்க டெம்ப்ளேட்டையும் தூக்கிப் போட வேண்டாம். சாப்ட்வேர் தேவைகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் ஐஇஇஇ 830 என்ற தரக்குறிப்பு இந்தத் துறையில் நெடுநாள் புழக்கத்தில் இருந்தது. 2011இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 29148 வந்தது, 2018இல் அதையும் திருத்தினார்கள். உங்கள் டெம்ப்ளேட் அந்த வம்சமாகத்தான் இருக்கும். வேலை முடிந்தபின் ஏதாவது விட்டுப்போச்சா என்று பார்க்க அது உதவும். ஆரம்பத்தில் அதைத் திறந்தால் கட்டத்தை நிரப்புவதே வேலை ஆகிவிடும். ஏஐ பிரித்துக் கொடுத்ததில் வேறு ஆபத்து. 37ஐயும் 122ஐயும் ‘எடை மேலாண்மை’ என்ற தலைப்பின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறதே, பார்த்தீர்களா? பங்காளிச் சண்டையில் இருக்கிறவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்த கதை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சுமுகம்.

நான் பாலக்கோட்டுக்காரி. இருபது வருஷத்துக்கும் மேலாகச் செய்யும் வேலை இதுதான்: ஆட்கள் வாயால் சொல்வதை வாங்கி, புரோகிராம் எழுதுபவர்கள் நம்பி எழுதும்படி ஒழுங்காக்கிக் கொடுப்பது. உங்கள் எக்செலை இரண்டு ராத்திரி படித்தேன். 214 வரி இருக்கிறது, சரி. ஆனால் அவை 214 தேவைகள் அல்ல. நாலு விதமான சமாச்சாரம் ஒரே நெடுக்குப் பத்தியில் கலந்து கிடக்கிறது. முன்னுரிமை போட முடியாமல் நீங்கள் திணறுவது அதனால்தான்.

வரி 9ஐ எடுங்கள்: ‘பெங்களூரா காய் லாரியில் குவியலாக வரும், அல்போன்சா கிரேட் பெட்டியில் வரும்.’ இதில் சாப்ட்வேர் செய்ய ஒன்றும் இல்லை. அங்கே நடக்கிறது, அவ்வளவுதான். வரி 63: ‘அழுகல் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கழிவு இரட்டிப்பு.’ கழிவு என்றால் எடையில் கழித்துக்கொள்வது. இது ஆலை வைத்திருக்கும் விதி; முதலாளி நினைத்தால் நாளைக்கே 4 ஆக்குவார். வரி 81: ‘எடை ஏறியதும் சிட்டை இரண்டு பிரதி அச்சாகணும்.’ இது சாப்ட்வேர் செய்ய வேண்டியது. வரி 140: ‘கேட்டில் விரல்ரேகை வைத்துத்தான் டோக்கன் போடணும்.’ இது தேவை மாதிரி வேஷம் போட்டிருக்கிற ஒரு யோசனை.

அந்த 140ஐக் கொஞ்சம் நோண்டுங்கள். ஏன் விரல்ரேகை என்று கேட்டால், போன சீசனில் ஒருவர் பாஸ்வேர்டில் இன்னொருவர் டோக்கன் போட்ட கதை ஏதாவது வெளியே வரும். அப்படியானால் தேவை ‘டோக்கன் போட்டவர் யார் என்று பின்னால் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்’ என்பதுதான். அதற்கு விரல்ரேகை ஒரு வழி. உங்கள் இடத்தில் அது மோசமான வழியும்கூட. காய் இறக்குகிற, பிரிக்கிற கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? மாம்பால் பட்டுப் பட்டுத் தோல் வெந்து உரிந்திருக்கும். அந்த விரலை மெஷின் எங்கே படிக்கப் போகிறது? கேட்டில் உட்கார்ந்திருப்பவர் காய் தொடாதவராக இருந்தாலும், கூட்டம் அதிகமான நாளில் யாராவது இறக்குகூலி ஆள்தான் வந்து உட்காருவார்.

நாலு கலர் அதற்குத்தான். நடப்புக்கு ஒன்று, விதிக்கு ஒன்று, சாப்ட்வேர் வேலைக்கு ஒன்று, யோசனைக்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கலர்தான். இரண்டு கலர் கேட்கிற வரியை இரண்டாக வெட்டுங்கள். நான் போட்டுப் பார்த்ததில் சாப்ட்வேர் செய்ய வேண்டியது 90 வரிகூடத் தேறவில்லை. நீங்கள் ஆட்களோடு உட்கார்ந்து போட்டால் கொஞ்சம் முன்னே பின்னே வரும். யோசனை வரிகளை அழித்துவிடாதீர்கள். சொன்னவர் தன்னை மதிக்கவில்லை என்று நினைப்பார், அடியில் இருக்கும் தேவையும் கூடவே போய்விடும். தனித் தாளில் வையுங்கள்.

இப்போது எடை. 37ஐச் சொன்னது யார், 122ஐச் சொன்னது யார் என்று எக்செலில் இல்லை. முதல் வேலையாக ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு வரிக்கும் சொன்னவரை எழுதுங்கள். நான் ஊகிக்கிறேன்: மாற்றவே கூடாது என்றது முதலாளி, திருத்த வேண்டும் என்றது கணக்காளர். இருவரும் சொல்வது சரிதான். இரண்டு வேறு எடையைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவே. முதலாளிக்கு எடை என்றால் மேடை காட்டின எண். அதில் யாராவது கை வைத்தால் திருட்டு. கணக்காளருக்கு எடை என்றால் கழிவெல்லாம் போகக் காசு கொடுக்கிற எடை. தகராறு வந்தால் அவர் அதைத்தான் மாற்றியாக வேண்டும்.

இந்த ஆலையில் ‘எடை’ என்ற ஒரு சொல்லுக்குள் நான் எண்ணியது ஐந்து: லோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை, கழிவு எடை, பட்டுவாடா எடை. முதல் இரண்டும் மேடையிலிருந்து நேராக வரும். அவற்றை யாரும் தொடக் கூடாது. நிகர எடை வெறும் கழித்தல். கழிவு எடையை ஒரு ஆள் பார்த்துச் சொல்கிறார். பட்டுவாடா எடை அதன்பின் வருவது. அதைத் திருத்தலாம். ஆனால் பழைய எண்ணை அழிக்காமல், புதிதாக ஒரு பதிவு, யார் திருத்தினார், என்ன காரணம் என்பதோடு. 37, 122 இரண்டும் இப்படி ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும். உங்கள் 214இல் ‘எடை’ வருகிற இடங்களை நான் எண்ணினேன், 31. ஒவ்வொன்றிலும் இந்த ஐந்தில் எது என்று மாற்றி எழுதுங்கள். ஒரு சாயங்காலம் ஆகும். அதிலேயே பாதி முரண்பாடு காணாமல் போகும் என்பது என் அனுபவம்.

இந்த அனுபவம் எனக்குச் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மரவள்ளி ஆலைக்கு எழுதினோம். ஊரும் பேரும் வேண்டாம். கிழங்குக்கு விலை பாயிண்டில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கிழங்கை எடை போட்டு, தண்ணீரில் முக்கி மறுபடி எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள். நான் எழுதின வரி இது: ‘லோடு வாரியாகப் பாயிண்ட் பதிவு செய்யப்படும்.’ எனக்கு அது முழுசாகத் தெரிந்தது. ஆலையில் ஒரு லோடுக்கு ஒரு தடவைதான் பாயிண்ட் பார்ப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விவசாயி ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடத்திலிருந்து கிழங்கு எடுத்து இரண்டாம் தடவை பார்ப்பார்கள், அப்புறம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று பேசி முடிப்பார்கள். என் திரையில் ஒரே ஒரு கட்டம். மூன்று மாதம் கழித்துப் போனேன். பாயிண்ட் பார்க்கிற மேஜையின் காலில் சணல் கயிறு கட்டி, அதில் 80 பக்க நோட்டு ஒன்று தொங்கியது. முதல் பாயிண்ட், இரண்டாம் பாயிண்ட், பேசின பாயிண்ட் என்று பென்சிலில் மூன்று பத்தி. பேசின பாயிண்டை மட்டும் சாயங்காலம் ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆலையின் நிஜமான சாப்ட்வேர் அந்த நோட்டுதான். நாங்கள் செய்தது அதற்கு ஒரு ஜெராக்ஸ்.

ஆகவே, சொற்களுக்கு ஒரு அகராதி. ஒரே பக்கம், சுவரில் ஒட்டுவது மாதிரி. உங்கள் ஊரில் இது ரொம்பவே அவசியம், ஏனென்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கேட்டில் பேசப்படும். பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு மூன்றும் ஒரே காய். உங்கள் எக்செலில் மூன்று பெயரும் இருக்கிறது. யாராவது விவரம் தெரியாமல் மூன்று ரகமாக ஏற்றிவிட்டால், சீசன் முடிவில் எவ்வளவு கூழ் எந்தக் காயிலிருந்து வந்தது என்ற கணக்கு சிரிப்பாய்ச் சிரிக்கும். ‘பிரிக்ஸ் 14க்குக் கீழே போனால் எச்சரிக்கை’ என்று லேப் மேடம் சொன்னதாக இருக்கிறது. பிரிக்ஸ் என்பது கூழின் இனிப்பு அளவு. எந்த ரகத்துக்கு என்று கேட்டீர்களா? பெங்களூரா கூழுக்குப் பொதுவாக 14 கேட்பார்கள், அல்போன்சாவுக்கு 16 கேட்பார்கள். அவருக்கு அது மனப்பாடம், அதனால் சொல்லவில்லை.

அகராதியில் மிகவும் ஆபத்தான சொல் ‘விவசாயி’. உங்கள் வரிகளில் தோப்புக்காரரும் விவசாயி, தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரும் விவசாயி, நாலு ஊர்க் காயைச் சேர்த்து லாரி ஏற்றிவரும் ஏஜெண்டும் விவசாயி. வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஆலை அதைச் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. விளைபொருளை விளைவித்தவருக்கே நேராகக் கொடுத்தால் அதற்கு விலக்கு உண்டு. இடையில் வாங்கி விற்கிற வியாபாரிக்கு இல்லை. அப்படியானால் காசு வாங்குகிறவர் யார் என்பது பெயர்ப் பட்டியல் விஷயம் மட்டும் இல்லை, பட்டுவாடாத் திரையையே மாற்றுகிற விஷயம். குத்தகைக்காரர் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் முடிவு பண்ணாதீர்கள்; ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? ஒரு லோடில் ஆரம்பியுங்கள். நிஜமான ஒரு லோடு: சந்தூரிலிருந்து ஒரு ஈச்சர் வண்டி பெங்களூரா ஏற்றிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ட் பேப்பர்களை நீளவாக்கில் ஒட்டி, அந்த வண்டி படுகிற பாட்டை இடமிருந்து வலமாக எழுதுங்கள். கேட், டோக்கன், வரிசையில் காத்திருப்பு, லோடு எடை, சாம்பிள் பார்ப்பது, இறக்குவது, காலி எடை, சிட்டை, பட்டுவாடா. வண்டி போனபின் காயின் கதை தொடரும்: பழுக்கவைக்கும் அறை, பிரிப்பது, கழுவுவது, கூழ், டிரம்மில் அடைப்பது அல்லது 3.1 கிலோ டின், ஸ்டோர், கண்டெய்னர். இதுதான் முதுகெலும்பு. இப்போது உங்கள் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்தில் தேவைப்படுகிறதோ அதற்குக் கீழே தொங்கவிடுங்கள். ஜெஃப் பாட்டன் என்ற அமெரிக்கர் இப்படிச் சுவரில் பரப்பும் முறையைப் பரப்பினார். இதைக் கதை வரைபடம் என்பார்கள்.

தொங்கவிட ஆரம்பித்ததும் இரண்டு வேடிக்கை நடக்கும். சில இடத்தில் கூட்டமாக வரிகள் சேரும். எடைமேடைக்குக் கீழே உங்களுக்கு நாற்பதாவது வரும். சில இடம் மொட்டையாக இருக்கும். உங்கள் எக்செலில் பழுக்கவைக்கும் அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? காய் அங்கே நாள் கணக்கில் கிடக்கிறது. எந்த அறையில் யார் லோடு, எப்போது வைத்தது, எடுத்தபோது எவ்வளவு அழுகியது? நீங்கள் பேசின ஐந்து பேரில் அந்த அறைக்குப் பொறுப்பானவர் இல்லை, அதனால் வரியும் இல்லை. பட்டியலாக இருந்தவரை இந்த ஓட்டை உங்களுக்குத் தெரிந்திருக்காது.

முன்னுரிமையும் இங்கேதான் வரும். அவசியம், வேண்டும், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நாலு பெட்டி போடும் முறை ஒன்று உண்டு. மாஸ்கோ என்பார்கள், ரஷ்யாவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நல்ல முறைதான். ஆனால் உங்கள் முதலாளி 214ஐயும் முதல் பெட்டியில் போடுவார். அதனால் அவரிடம் ‘எது முக்கியம்’ என்று கேட்பதை நிறுத்துங்கள். சுவர்முன் நிற்க வைத்து இதைக் கேளுங்கள்: ‘இது இல்லாமல் முதல் லாரியை உள்ளே விட முடியுமா, முடியாதா?’ முடியாது என்றால் மே மாதத்துக்குள். காய் பழுத்துக் கூழாகி டிரம்முக்கு வர நாளாகும், ஆகவே டிரம் லேபிள் வேலைக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்கிறது. 215 கிலோ டிரம்களை எண்ணிக் கண்டெய்னர் ஏற்றுகிற பகுதி இன்னும் பின்னால். முதலாளிகள் அவசரத்துக்கு வரிசை சொல்ல மாட்டார்கள், ஆனால் காய் எந்த வரிசையில் நகர்கிறது என்று கேட்டால் அச்சுப் பிசகாமல் சொல்வார்கள்.

அடுத்து, வரியை எப்படி எழுதுவது. 2009இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ஆலிஸ்டர் மேவினும் கூட வேலை பார்த்தவர்களும் ‘ஈயர்ஸ்’ என்று ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். விமான எஞ்சின் கட்டுப்பாட்டுக்காக யோசித்தது. சாரம் இதுதான்: ஒவ்வொரு தேவையும் எப்போது, எந்த நிலையில், என்ன தப்பு நடந்தால் என்பதை முன்னால் சொல்லிவிட்டு, அப்புறம் சாப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷ்காரர்களுக்கு இதைப் பழக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வாக்கியமே அப்படித்தான் ஓடும். ‘காலி எடை பதிவானதும், சாப்ட்வேர் நிகர எடையைக் கணக்கிட்டுச் சிட்டை அச்சிட வேண்டும்.’ ‘இணைய இணைப்பு இல்லாதவரை, சாப்ட்வேர் பதிவுகளை எடைமேடைக் கணினியிலேயே வைத்திருக்க வேண்டும்.’ ‘காலி எடை லோடு எடையைவிடக் கூடுதலாக வந்தால், சாப்ட்வேர் சிட்டை போடாமல் நிறுத்தி எடைமேடைக்காரருக்குக் காட்ட வேண்டும்.’ பதிவானதும், இல்லாதவரை, வந்தால் — இந்த மூன்று விகுதியே பெரும்பாலான வரிகளைத் தாங்கிவிடும்.

தமிழில் எழுதும்போது நமக்கென்று ஒரு கெட்ட பழக்கமும் இருக்கிறது. எழுவாயை முழுங்கிவிடுவோம். ‘கழிவு முடிவு செய்யப்படும்’, ‘அனுமதி பெறப்பட வேண்டும்’. யார் முடிவு செய்வது? யாரிடம் பெறுவது? என் மரவள்ளி வரியும் இந்த ‘படும்’ ஜாதிதான். எக்செலில் ‘படும்’, ‘பட வேண்டும்’ என்று தேடிப் பாருங்கள். வருகிற ஒவ்வொன்றும் நீங்கள் மறுபடி போய்க் கேட்க வேண்டிய கேள்வி.

தப்பு நடந்தால் என்ற வகைதான் உங்கள் எக்செலில் மிகக் குறைவு, 214இல் ஆறு. விலை பிடிக்காமல் காய் இறக்காமலே திரும்பிப் போகிற வண்டிக்கு என்ன? லோடு எடை போட்டபின் கரண்ட் போனால்? இரண்டு தோப்புக் காய் ஒரே வண்டியில் வந்தால்? எடைமேடைக்காரரோடு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இப்படி இருபது சொல்வார்.

விதிகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன் அல்லவா, அவற்றை வாக்கியமாக எழுதாதீர்கள், கட்டம் போடுங்கள். 63 அழுகலைச் சொல்கிறது. 118 ‘மழையில் நனைந்த லோடுக்கு 1 சதவீதம் கூடுதல் கழிவு’ என்கிறது. 71 ‘ஏஜெண்ட் லோடுக்குப் பேசின கழிவு மட்டும்தான்’ என்கிறது. மூன்றும் தனித்தனியாகப் படித்தால் நியாயம். இப்போது ஏஜெண்ட் லோடு, நனைந்தது, அழுகல் 7 சதவீதம். என்ன கழிவு? மூன்று நிபந்தனை, ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை, மொத்தம் எட்டுக் கட்டம். எட்டையும் வரைந்து ஒவ்வொன்றிலும் விடையை எழுதச் சொல்லி முதலாளியிடம் பேனாவைக் கொடுங்கள். ஐந்தைச் சட்டென்று எழுதுவார். மீதியில் பேனா நிற்கும், கணக்காளரைக் கூப்பிடுவார், இருவரும் வேறு வேறு விடை சொல்வார்கள். அங்கே நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இது வர பத்து வருஷம் ஆனது.

விலை விதியும் அப்படியே வெளியே இருக்கட்டும். ஒரு கிலோவுக்கு ஒரு விலை, அதை ஆலை கொடுக்கும் என்பது இயற்கை விதி மாதிரி தெரியும். 2025இல் தோத்தாபுரி விலை விழுந்தபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, அதில் 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை அரசும் கொடுப்பதாக அறிவித்தது. சித்தூர்ப் பக்கத்து ஆலையில் ‘விலை’ என்று ஒரே கட்டம் வைத்து எழுதினவர்கள் அந்த வாரம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்காக வருங்காலம் முழுவதையும் இப்போதே எழுதச் சொல்லவில்லை. எது அடிக்கடி மாறும் என்று குறித்துவைத்தால் போதும், புரோகிராம் எழுதுபவர் அதைக் கல்லில் செதுக்க மாட்டார்.

இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: ஏன். இதைச் சோம்பேறித்தனத்தால் விடுகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை ஏரியான் 5. 1996 ஜூன் 4ஆம் தேதி ஐரோப்பியர்களின் அந்த ராக்கெட் முதல் தடவை கிளம்பி, ஒரு நிமிஷம்கூட ஆகாமல் வெடித்தது. பழைய ஏரியான் 4இன் திசைகாட்டும் சாப்ட்வேரை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பகுதி, கிளம்பின பிறகும் 40 வினாடி போல ஓடிக்கொண்டிருக்கும். பழைய ராக்கெட்டில் கடைசி நொடியில் கவுண்ட்டவுனை நிறுத்தினால் சீக்கிரமாக மறுபடி ஆரம்பிக்க அது தேவைப்பட்டது. புதிய ராக்கெட்டில் அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் ஓடியது. புது ராக்கெட்டின் வேகம் அதிகம், அந்த வேகத்தைக் குறிக்கும் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை, கணினி கையை விரித்துவிட்டது. யாருக்கும் வேண்டாத ஒரு வேலையைச் செய்யப் போய்.

உங்கள் 155ஆம் வரி, ‘மாலை 6 மணிக்கு மேல் டோக்கன் கொடுக்கக் கூடாது.’ ஏன்? லேப் மூடிவிடுவதாலா, ரொக்கப் பெட்டி பூட்டுவதாலா, பழைய டோக்கன் குமாஸ்தாவுக்கு ஆறு மணி பஸ் என்பதாலா? மூன்றாவது காரணமாக இருந்தால், நீங்கள் சாப்ட்வேரில் பூட்டுப் போட்டு, சீசன் உச்சத்தில் ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நிற்கிற லாரிக்காரர்களிடம் வசவு வாங்கித் தருவீர்கள். 188ஆம் வரியில் ‘மாவட்டம்: கிருஷ்ணகிரி என்று தானாக வரணும்’ என்று இருக்கிறது. உங்கள் மாவட்டம் எங்களிடமிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முந்தின பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறவரிடம் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். பிரிந்ததில் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம், மாங்காய் முக்கால்வாசி உங்களோடு போய்விட்டது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. ‘வேகமாக’, ‘எளிதாக’ என்று எழுதியிருக்கும் வரிகளுக்கு எண் வையுங்கள். வரிசையில் எத்தனை வண்டி நிற்கும், ஒரு வண்டிக்கு மேடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கடிகாரம் பார்த்தால் எண் கிடைத்துவிடும். வரி எண்களை இனிமேல் மாற்றாதீர்கள். ஒரு வரியை நீக்கினால் அந்த எண் காலியாகவே கிடக்கட்டும், வாய்ஸ் மெசேஜில் எல்லாம் ‘அந்த 122’ என்றுதான் பேசிப் பழகியிருப்பீர்கள். 41 வாய்ஸ் மெசேஜையும் உட்கார்ந்து எழுத்தாக்குங்கள், வேறு வழி இல்லை. மே பிறந்தபின் வருகிற புது வரிகளுக்கு ‘சரி’ சொல்லும் அதிகாரம் ஆலையில் யார் ஒருவருக்கு என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அது முதலாளியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, போனை எடுக்கிறவராக இருந்தால் சரி.

காசு கேட்கலாமா என்றால், கட்டாயம் கேளுங்கள். சாப்ட்வேர் விலையோடு கலக்காமல் தனி வேலையாக, இரண்டு வாரத்துக்கு ஒரு தொகை என்று. கடைசியில் அவர் கையில் மூன்று பொருள் கொடுங்கள்: சுவர்ப் படம், ஒரு பக்க அகராதி, விதிக் கட்டங்கள். நாளைக்கு அவர் வேறு கம்பெனிக்கு வேலையைக் கொடுத்தாலும் அவை பயன்படும் என்று சொல்லியே கேளுங்கள். நம் பக்கத்து முதலாளிகள் ‘பேசினதுக்கெல்லாமா காசு’ என்பார்கள். எட்டுக் கட்டத்தில் பேனா நின்றதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதனால் முதல் விதிக் கட்டத்தை இலவசமாகப் போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் தொகையைச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் ஆலைக்குப் போகும்போது லேப்டாப் எடுத்துப் போகாதீர்கள். எடைமேடை அறையில் மேஜை இழுப்பறையிலோ ஜன்னல் ஓரத்திலோ ஒரு நோட்டு இருக்கும். போன சீசனுடையது, ஓரமெல்லாம் மாங்கறை பிடித்து இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, எழுதினவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பத்தியும் எதற்கு என்று கேளுங்கள். தலைப்பு எழுதாத பத்தி ஏதாவது இருந்தால் அதில் அதிக நேரம் செலவழியுங்கள். அப்படியே கணக்காளரிடம் பட்டுவாடா எந்தக் கிழமை என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். 214 வரியிலும் தேடிப் பார்த்துவிட்டேன், அது மட்டும் இல்லை.